தொட்டித் தண்ணீருக்கு என்ன மருந்து

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா பச்சையம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் திவ்யாவும் பிள்ளைகளும் பெர்த்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மா துணை. போனில் சொல்லலாம் என்றால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

போன வருஷம் நீதானே ஆள் அனுப்பி, வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கையை வெட்டி, இரும்புக் கால் வைத்த அந்த நீல நீச்சல் தொட்டியை நிறுத்தினாய். ஏரி உப்புத் தண்ணி பிள்ளைங்களுக்கு ஒத்துக்காதும்மா, இதுல குளிச்சா லீவு முழுக்க நம்ம வீட்லயே இருப்பாங்கன்னு சொன்னாய். ஏரியில் முங்கி வளர்ந்தவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் பேரன் பேத்தி வந்து தங்குவார்களே என்று மரத்தை வெட்ட விட்டேன். அப்புறம் ஆரம்பித்தது மருந்துப் பஞ்சாயத்து. தண்ணீர் கெடாமல் இருக்கக் குளோரின் மாத்திரையா, உப்பைக் கொட்டி ஓட்டுகிற மிஷினா, நீயே முடிவு பண்ணும்மா என்று என் தலையில் கட்டினாய். உன் நைனா, இன்னாடி இது, உப்புத் தண்ணிக்குப் பயந்து தொட்டி வாங்கினான், இப்ப அதுலயே உப்பைக் கொட்டச் சொல்றானான்னு சிரித்தார். உப்பு மிஷினுக்குக் கரண்ட் வேண்டும், நம்ம ஊர் கரண்டின் லட்சணம் உனக்குத் தெரியும், சும்மா கிடக்கிற இரும்பையே இந்த உப்புக் காற்று தின்கிறது, உள்ளேயும் உப்பு என்றால் தொட்டி எத்தனை நாள் நிற்கும், அதனால் மாத்திரைதான் என்றேன். நடுவில் பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து, அவன்தான் இறால் பண்ணையில் வேலை செய்கிறானே, மாத்திரை எதுக்கு அக்கா, எங்க குளத்துக்கெல்லாம் ப்ளீச்சிங் பவுடர்தான்னு சொல்லி, இறால் குஞ்சு விடுவதற்கு முன்னால் ஒரு பூச்சி மிச்சமில்லாமல் கொல்லப் போடுகிற அளவை அப்படியே கொட்டிவிட்டான். கிட்டே போனாலே கண் எரிந்தது, கை விட்டுப் பார்த்த நைனாவுக்குத் தோல் உரிந்தது. எல்லாத்தையும் இறைத்துக் கொட்டி, லாரித் தண்ணீர் பிடித்து, மறுபடி மாத்திரை. தினமும் மீன் விற்கப் போகுமுன் மருந்தின் அளவு காட்டும் காகிதத்தை முக்கி எடுத்து, டப்பாவில் இருக்கும் நிறத்தோடு ஒத்துப் பார்ப்பதே எனக்கு வேலை. அடியில் ஊசி விழுந்தாலும் தெரியும், அப்படி வைத்திருந்தேன்.

நீ வருவதாகச் சொன்ன நாள் நம்ம பாடு. ஏரியில் வலை போட நம் முறை வருகிற அந்த நாளை விட்டால் மறுபடி சுற்றி வரும்வரை வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், இறால் ஓடுகிற நேரம் வேறு. பிள்ளைங்க தண்ணில இறங்குறப்ப நான் பக்கத்துல நிக்கணும்னு சொல்லி நைனா போகவில்லை. மத்தியானம் காரில் வந்தீர்கள், ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. சென்னையில ஓட்டல்ல ரூம் போட்டிருக்கோம், அங்கயே நீச்சல் குளம் இருக்கு, காலைலயே குளிச்சுட்டாங்கன்னு நீ சொன்னாய். என் பேத்தி தேவதர்ஷினி ஓடிப்போய்த் தொட்டியில் கை விட்டுச் சிரித்தாள். இதுல என்ன போட்டிருக்கீங்க அத்தைன்னு திவ்யா கேட்டாள், மாத்திரை என்றேன். நாங்க அங்க உப்புதான், குளோரின் பிள்ளைங்க தோலுக்கு ஆகாதுன்னு சொல்லிக்கொண்டே பையிலிருந்து சானிடைசரை எடுத்துக் குழந்தை கையைத் துடைத்தாள். உப்பு மிஷினும் கடைசியில் குளோரினைத்தான் பண்ணுமாம், கடைக்காரரே சொன்னார். ஓட்டல் குளத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று அவள் கேட்டாளா? அவளை விடு, வேறு வீட்டில் வளர்ந்த பெண். நீ பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தாயே, அதுதான்டா எனக்கு ஆறவில்லை. மருந்தெல்லாம் சாக்கு. எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி படுக்க உங்களுக்கு மனசில்லை, அதை நேராகச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். அன்றைக்கு உங்களுக்கு வறுத்துக் கொடுத்த இறால்கூட அடுத்தவன் வலையில் விழுந்தது.

நைனா இன்னும் தொட்டியில் மாத்திரை போடுகிறார். யாருக்குன்னு கேட்டால், தண்ணி கெட்டுடும்டீ என்கிறார்.

பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டு, பேரன் கவியரசனுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். எல்லையம்மா உங்கள் நாலு பேரையும் காப்பாற்றட்டும். அடுத்த தடவை வந்தால் எந்த ஓட்டல் என்று முன்னாடியே சொல்லிவிடு. நாங்கள் பொன்னேரிக்குப் போய்ச் சென்னை ரயில் ஏறி, பிள்ளைகள் குளிப்பதை ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
பச்சையம்மா