சந்தெல்லாம் பெருக்கி வைத்த நாள்

தாராவி
ஞாயிறு

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம். டெல்லிக் குளிரில் நீ நன்றாக இருந்தால் போதும்.

போனில் சொல்ல முடியவில்லை, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். புகை அளக்க ஆள் வருவார்கள், புகை அதிகமுள்ள சந்துகளுக்கு முதலில் கேஸ் அடுப்பு கிடைக்கும் என்று நீ சொன்னாய் அல்லவா. அம்மாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. வீடு வீடாகப் போய், "எம்மவ ஆபீஸ்காரவ வாராவ, ஒரு பொட்டுப் புகை தெரியக்கூடாதுளா" என்று சொல்லிவிட்டாள். விற்க இட்லி அவிக்கும் அத்தனை வீட்டிலும் விடியுமுன்பே கொப்பரையை இறக்கி, அடுப்பில் தண்ணீர் ஊற்றி, பழைய கதவு ஜன்னல் பிளந்த விறகையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி, வாசலில் கோலம். முகம்மது ஹனீப் என்று ஒரு பையன் மிஷினோடு வந்தான். மதியம்வரை வைத்துப் பார்த்தான். "ஆன்ட்டி, இங்க எல்லாம் ஏக்தம் சாஃப்" என்றான், சுத்தமோ சுத்தமாம். அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷம் நம் சந்துக்கு அடுப்பு இல்லையாம். அடுத்த சந்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிரேமலதா குழாயடியில் வைத்து, "மவ டெல்லியில இருந்து அடுப்பு அனுப்புவான்னு பாத்தா, ஆத்தா கோலம் போட்டுல்லா அனுப்பி வச்சிட்டா" என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா தண்ணீர் பிடிக்காமல் வந்துவிட்டாள்.

கரும்புகை காற்றில் வெகுநாள் நிற்காது, நிறுத்தினால் சீக்கிரம் கரைந்துவிடும் என்று நீ சொல்வாய். அம்மாவின் நெஞ்சில் நிற்கிறது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். புகைப் பக்கம் போகக்கூடாது என்று சயான் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்லவே கூடாதென்று எனக்கு அம்மாவின் உத்தரவு. நாளைக்கும் மூன்று கொப்பரை. எனக்கும் அலுத்துவிட்டது, செல்வி. விறகு பிளக்க அல்ல. அவள் இருமுவதைக் கேட்க.

ஊர் ஊராகப் போய்ப் புகை அளக்கக் கற்றுக்கொடுக்கிறாய். இதையும் சேர்த்துச் சொல். விருந்தாளி வருகிறான் என்றால் எங்கள் ஆட்கள் பெருக்கி வைப்பார்கள்.

முறைக்கு மாறாக எதுவும் செய்யாதே. முறைப்படி மறுபடி அளக்க வழி இருந்தால் கேட்டுப் பார். நல்ல உடம்போடு, நல்ல பெயரோடு இரு. வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே. எந்த நாள் வருகிறார்கள் என்று எங்களிடம் சொல்லாதே.

உன் அப்பா,
வெயிலுமுத்து