நாற்காலியை எடுத்த ஆஸ்பத்திரி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமா இருக்கணும். இங்க நாங்க இருக்கோம், அவ்வளவுதான். உங்க அப்பாவுக்கு உயிருக்கு ஆபத்தில்லை, அதை முதல்ல சொல்லிடறேன், பதறாம படி.

போன வாரம் காலையில நெஞ்சு இறுக்குதுன்னார், எதிர்வீட்டு டிரைவர் கார்ல அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க உட்கார ஒரு நாற்காலி கிடையாது. கூட்டம் தாங்கலைன்னு மேலிடத்துல சத்தம் போட்டாங்களாம், அதனால நாற்காலியை எல்லாம் எடுத்துட்டாங்களாம், உட்கார இடம் இருந்தாத்தானே சேருவாங்கன்னு வாசல் காவலாளி பெருமையா சொல்றான். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கூட்டம் எங்க குறைஞ்சது, எல்லாரும் சுவத்துல சாஞ்சு நிக்கறாங்க, கால்ல கட்டோட ஒருத்தி தரையில கிடக்கா. சின்ன உபாதைக்கெல்லாம் இங்கே வராதீர்கள்னு போர்டு வேற. உங்க அப்பாவுக்குத்தான் போர்டுல எழுதினது வேதவாக்காச்சே, நர்ஸ் வந்து கேட்டதும் ஒண்ணுமில்லம்மா, வாயுவா இருக்கும், மத்தவங்களைப் பாருங்கன்னுட்டார். நான் வாயைத் திறந்தா என் கையை அமுக்கறார். அவளும் அடுத்த ஆளைப் பார்க்க ஓடிட்டா. கடைசியில நின்ன இடத்துலயே சரிஞ்சார். மாரடைப்பாம்.

அப்புறமும் வார்டுல கட்டில் இல்லைன்னு நடையிலயே போட்டு வச்சாங்க. மாடியில போய்ப் பார்த்தா, குணமானவங்க பையைக் கட்டி வச்சுக்கிட்டு கட்டில்ல உட்கார்ந்து கதை பேசறாங்க. பெரிய டாக்டர் சாயங்காலம் வந்து சரின்னாத்தான் அனுப்புவாங்களாம். அந்த மகராசன் காலையில வந்து தொலைச்சா கீழ நடை காலியாகும்னு ஒருத்தருக்கும் தோணலை, நாற்காலியைத் தூக்க மட்டும் மூளை வேலை செஞ்சிருக்கு. தூ!

இப்ப வீட்டுக்கு வந்துட்டார், நாலு எட்டு நடந்தா இளைக்குது. கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தா இதயம் இவ்வளவு கெட்டிருக்காதுன்னு அந்த டாக்டரே சொன்னார். யாரைப் போய்த் திட்டறது, இவரையும் சேர்த்துத்தான் திட்டறேன்.

அங்க உன் ஆஸ்பத்திரியில கூட்டத்தைக் குறைக்கிற பொறுப்பை உனக்குக் குடுத்திருக்காங்கன்னு அப்பா இதுக்கு முன்னாடி தெருவுல ஒருத்தரை விடாம சொல்லிட்டுத் திரிஞ்சார். நேத்து தபால்காரர் உன்னைப் பத்திக் கேட்டதுக்கு, ஏதோ ஆபீஸ்ல இருக்கான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. குழந்தைக்கு என் முத்தம். எல்லாரும் தீர்க்காயுசா இருங்க. ஞாயித்துக்கிழமை மறக்காம அவர்கிட்ட பேசு, உன் வேலையைப் பத்தி மட்டும் எடுக்காதே.

உன் அம்மா