குளிரும்போது எடுத்த கோடு

அன்புள்ள கணவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறார்கள். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று டப்பாவில் வைத்திருக்கிறாள். போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன், அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். என்ன திடீரென்று 'நீங்கள்' போடுகிறாள் என்று திகைக்க வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

போன வாரம் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டு நம் கட்டுரையின் அச்சுப்படியைக் காட்டினார். 'நம்' என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. வரைபடத்தில் ஒரே ஒரு கோடு, படிகத்தைச் சூடாக்கும்போது எடுத்தது. குளிரும்போது எடுத்த கோட்டைக் காணோம். என் பெயரையும் காணோம். கருவிகளைக் கவனித்துக்கொண்டதற்கு நன்றி என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

ஏன் இப்படி என்று கேட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார்: "அவ கொஞ்சம் அவசரக்காரி சார், சட்டுனு ஆற விட்டிருப்பா, அதான் ரெண்டு கோடும் ஒட்டல." யார் அவசரக்காரி? இங்கே ஆய்வகத்தில் இருந்தபோதும் சூடேறும் வரைதான் உங்களுக்குப் பொறுமை. உச்சத்தைத் தொட்டதும் "ஆறுறத நீ பாத்துக்கோ" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். அந்த ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, உலையை டிகிரி டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் மின்புலத்தை ஏற்றி இறக்கி, திரையில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழியாக வளைந்து விழுந்த தயக்கக் கண்ணியைப் பதிவு செய்தவள் நான்.

இரண்டு கோடும் ஒட்டக் கூடாது சாமி, விஷயமே அதுதானே. சூடேறும்போது ஒரு வெப்பநிலையில் படிகம் தன் மின்முனைவை, ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று தானாகப் பிரிந்து நிற்கும் குணத்தை, இழக்கிறது. ஆறும்போது அதே இடத்தில் அது திரும்பக் கிடைப்பதில்லை, இன்னும் சில டிகிரி கீழே போக வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைப் பிடிக்கத்தானே இத்தனை வருஷம் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம்? ஒரே கோடாக இருந்தால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அதைத் துடைத்துவிட்டீர்கள். பழியைக் கொண்டுவந்து என் தலையில் போட்டுவிட்டீர்கள்.

ஒருவேளை என் தப்போ என்று நானே மறுபடி அளந்து பார்த்தேன், எவ்வளவு மெதுவாக இறக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. இடைவெளி கொஞ்சம் குறைந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் போகவில்லை. பேராசிரியர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினவர் சொன்னாத்தாம்மா பத்திரிகையில மாத்துவாங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் அச்சுப்படியைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அதற்குப் பிறகு நான் அளந்தது எங்கேயும் இருக்காது.

"கிளம்பி வா, எல்லாம் பழையபடி ஆயிடும்" என்று எழுதி டிக்கெட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். அத்தை பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லித் துடைத்து வைத்துவிட்டார்கள். நான் அதில் ஒரு துணிகூட வைக்கவில்லை. எந்தத் தைரியத்தில் பழையபடி ஆகும் என்று எழுதினீர்கள்? இந்தப் படிகத்தோடு குடித்தனம் நடத்தியவரா இதை எழுதுவது?

பத்திரிகைக்கு எழுதுங்கள். இரண்டாவது கோட்டையும் போடச் சொல்லுங்கள். அளந்தது என் மனைவி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என் பெயரை எழுதுங்கள்.

அங்கே குளிர் அதிகம் என்றீர்கள். காதை மூடிக்கொண்டு போங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். வெள்ளிக்கிழமை வரை பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்ற வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு அளந்தவள்