நீலம் எனக்கு, சிவப்பு உனக்கு

இல்லை, கோப்பை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாமிடம். ஆனால் போன வருடம் திருச்சியில் நம்மைப் பார்த்துச் சிரித்தானே அந்தத் தாடிக்காரன், அவனை அரையிறுதியில் வீழ்த்திவிட்டு வந்த இரண்டாமிடம். நீ முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய். அதனால் இதையே முதலில் சொல்கிறேன்.

சான்றிதழ் மேசைமேல் இருக்கிறது. மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் நீல கண்ட்ரோலரை வைத்திருக்கிறேன். அதிலிருந்து இன்னும் கருவாட்டு வாசனை போகவில்லை. மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை ஹாஸ்டலுக்குத் துணி, புத்தகம், கருவாடு, கேம் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு வந்தவள் நீ.

சிங்கப்பூரிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்த பழைய வீடியோ கேம் அது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவு திரை. இரு பக்கமும் கழற்றி எடுக்க இரண்டு சின்ன கண்ட்ரோலர்கள். முதல் நாளே நீ பிரித்துவிட்டாய். "நீலம் ஒனக்கு, சிவப்பு எனக்கு. கை மாத்தக் கூடாதுடி, ராசி போயிரும்." மூன்று வருடம் மாற்றவில்லை.

ஞாயிறு மதியங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அந்தரத்தில் மிதக்கும் மேடைகள். அடிக்க அடிக்க எதிராளி லேசாகிக்கொண்டே போவான். கடைசியில் ஓர் அடியில் மேடையை விட்டுப் பறந்து பள்ளத்தில் விழுவான். ஆளுக்கு மூன்று உயிர். காற்றில் இரண்டு முறை தாவலாம். நான் எடுத்தது கூட்டத்திலேயே வேகமானவளை. ஒல்லி. தொட்டால் பறந்துவிடுவாள். அவளுக்கு நாம் வைத்த பெயர் வெட்டுக்கிளி. நீ எடுத்தது இருப்பதிலேயே கனமானவனை. அவன் பெயர் அம்மி.

"எதுக்குடி இவன எடுக்குற? நடக்கவே மாட்டேங்குறான்."

"ஒனக்கென்ன? இவன் விழுறதுக்குன்னே பொறந்தவன். எனக்குப் பிடிச்சிருக்கு."

என் நீலத்தில் ஒரு கோளாறு இருந்தது. ஆளை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளும் குச்சி, விரலை எடுத்தால் தானாக இடப்பக்கம் இழுக்கும். நிற்பதற்கே வலப்பக்கம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தினமும் புலம்புவேன். நீ சிரிப்பாய். "ஒன் கண்ட்ரோலருக்குப் பயம் தெரியுது. ஒனக்குத்தான் தெரியல. எப்பப் பாத்தாலும் போய் முட்டுற."

சரியாகச் சொன்னாய். வேகம் இருக்கிறது என்பதற்காக ஓடிக்கொண்டே இருந்தேன். ஓடிப்போய் அம்மியின் கைக்குள் விழுந்தேன். அவன் கை எட்டும் தூரத்துக்கு ஓரடி தள்ளி நிற்கக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அடி காற்றில் போகட்டும் என்று விடுவது. பிறகு உள்ளே. பிறகு வெளியே. இரண்டாவது தாவலைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்வது.

அப்புறம் திருச்சிப் போட்டி. போன வருடம். அங்கே புத்தம்புது கண்ட்ரோலர் கொடுத்தார்கள். நாம் பூரித்துப்போனோம். கொண்டுபோனதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. என் கட்டைவிரலுக்கு மட்டும் செய்தி போகவில்லை. அது பழக்கம்போல் வலப்பக்கம் அழுத்தியது. இழுக்க எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. வெட்டுக்கிளி மேடையைத் தாண்டி ஓடி, தானாகவே பள்ளத்தில் விழுந்தாள். ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறையும்.

"அக்கா, நான் இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலக்கா" என்றான் தாடிக்காரன். அறையே சிரித்தது.

நீ அன்று இரண்டு சுற்று ஜெயித்தாய். உன் அம்மி அன்று வழக்கத்தைவிட உயரமாகத் தாவினான். நான் என் அவமானத்தில் இருந்தேன். அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ் கீரனூரைத் தாண்டியது. நீதான் ஆரம்பித்தாய். "கோணலப் பையிலயே வச்சுட்டு வெளாண்டோம்டி. அதான் தப்பு. அடுத்த வருசம் நீலத்தோட வாரோம். அவன் தாடியப் புடிச்சு ஆட்டுறோம்."

அடுத்த வருடம் நீ இல்லை. காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். ஒன்பது நாள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து உன் அம்மாவைப் பார்க்க வந்தேன். கேம் இருந்த பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். "நீயே வச்சுக்க ஆத்தா. இங்க யாரு வெளாடப் போறா?" வேண்டுமா என்று உன் அண்ணனைக் கேட்டேன். "நீதான வெளாண்ட" என்று போனில் சொன்னார்.

அரிமளத்தில், என் வீட்டில், முதல் முறையாக உன் சிவப்பைக் கையில் எடுத்தேன். வெட்டுக்கிளியைத் தேர்ந்தெடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தே கிடந்தாள். தாவச் சொன்னால் பாதியில் விழுந்தாள். உன் குச்சி கீழ்ப்பக்கம் இழுத்தது. என்னுடையதைவிட மோசமாக.

அதில் ஓடவே முடியாது. வேகமான யாரையும் வைத்து ஆட முடியாது. விழுறதுக்குன்னே பொறந்தவனால் மட்டும்தான் முடியும்.

மூன்று வருடம். நான் தினமும் புலம்பினேன். நீ ஒருநாளும் சொல்லவில்லை. ராசியாம்.

அன்று அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை. பயிற்சி செய்தேன்.

இந்த வருடம் நீலத்தைக் கையோடு கொண்டுபோனேன். தாடிக்காரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "என்னக்கா, பஞ்சரான வண்டி மாதிரி ஒரு பக்கமா இழுக்குது?"

"ஆமாம்பா. அது அப்பிடித்தான் போகும்."

அரையிறுதியில் இருவருக்கும் கடைசி உயிர். அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம். ஓடினேன். அவன் பெரிய அடிக்குக் கையை ஓங்கினான். நான் ஒன்றும் செய்யவில்லை. விரலை எடுத்தேன். நீலம் தானே பின்வாங்கியது, ஓரடி. அவன் அடி காற்றில் போனது. உள்ளே புகுந்தேன். அடித்தேன். அவன் விளிம்புக்கு வெளியே பறந்தான். திரும்பி வரப் பார்த்தவனைத் துரத்தி நானும் பள்ளத்தின்மேல் பாய்ந்து இன்னோர் அடி. அவன் விழுந்தான். என்னிடம் இரண்டாவது தாவல் மிச்சம் இருந்தது. தாவி, மேடைக்கு வந்து நின்றேன்.

இந்த முறை அறை சிரிக்கவில்லை. அவன் எழுந்து கைகொடுத்தான். "யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. ஃப்ரெண்டும் நானும் வெளாடுறோம்" என்றேன். நிகழ்காலத்தில்தான் வாயில் வந்தது. திருத்தவில்லை.

இறுதி ஆட்டத்தில் நன்றாக ஆடித் தோற்றேன். ஒரு முறைகூட நானாக விழவில்லை.

இப்போதும் என் கட்டைவிரல் சும்மா இருக்கும்போது வலப்பக்கம் சாய்கிறது. பேனா பிடிக்கும்போது, பஸ் கம்பியைப் பிடிக்கும்போது. சாயட்டும். உன்னோடு ஆடியவள் நான் என்பதற்கு என் கையிலேயே இருக்கும் அத்தாட்சி அது. எனக்கு அதில் பெருமைதான்.

நேற்று சிவப்பைத் திறந்து புதுக் குச்சி பொருத்தினேன். நீலத்தைத் தொடவில்லை. பிறகு சிவப்பைக் கையில் எடுத்து, வெட்டுக்கிளியைத் தேர்ந்தெடுத்து, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடவிட்டேன்.