நாலு தரம் மூடிய கண்

கொலோன்,
12.10.2003

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

அரியரத்தினம் அண்ணை ஊருக்குக் கொண்டுவரும் வீடியோவில் நான் பிணமாகக் கிடப்பேன். பயப்படாதேங்கோ, அது தொலைக்காட்சி நாடகம். இன்ஸ்பெக்டராக நடிக்கும் கிழவர், "நானும் முதலில் பிணம்தான். பிறகு கள்ளன். இப்போது இருபது வருசமாகப் பொலிஸ்" என்று சிரித்தார். அவர் குனிந்து என் கண்களை மூட வேண்டும். காய்ச்சலுக்கு நீங்கள் நெற்றியில் கை வைப்பதுபோல இருந்தது. அந்தக் காட்சியை நாலு தரம் எடுத்தார்கள்.

தோஷமென்று நினைத்தால் என் பெயருக்கு அருச்சனை செய்யுங்கோ. மிளகாய்த்தூளும் அனுப்புங்கோ.

வேலைக்கு நேரமாகிறது. படத்தில் என் கண் ஈரமாகத் தெரிந்தால், அது விளக்கு வெளிச்சத்தால்தான்.

மகன்,
தாரகன்