சந்தனம்மாள் போட்ட காசித்தும்பை

திருச்சுழி
வைகாசி 12

அன்பு மகள் துர்காதேவிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே நல்லபடி இருப்பீர்கள், இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அதனால் மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்து எழுதி வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்புகிறேன். இனி அவளை வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

பங்குனியில், நடமாட்டம் இருந்தபோது, பெயிண்டு வாளிகளிலும் குழாயடிப் பாத்தியிலும் அவள் காசித்தும்பை விதை போட்டாள். நீ வரும்போது பூத்திருக்க வேண்டுமாம். நாலு இலை விட்டதும் அவள் படுத்துவிட்டாள், தண்ணீர் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பருத்தி போட்டவனுக்குப் பூச்செடி எம்மாத்திரம் என்று இருந்துவிட்டேன். அவள் அரிசி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றுவாள். நான் என்ன செய்தேன், நீ வாங்கி மாட்டிய குடிதண்ணீர் மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று டிரம்மில் பிடித்து ஊற்றினேன். நம் போர் தண்ணீரே உப்பு, அந்த உப்பெல்லாம் அதில்தானே சேரும், இந்த முட்டாப்பயலுக்கு உறைக்கவில்லை. இலை ஓரம் கருகியபோது வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றினேன். மண்மேல் உப்பு பூத்த பிறகுதான் புத்தி வந்தது, அதற்குள் ஒரு செடி மிச்சமில்லை.

அவளோ தினமும் காலையில் பூத்துவிட்டதா என்று கேட்பாள். மொட்டு விட்டிருக்கிறது என்றேன், நாளைக்கு என்றேன். பொறுக்கமாட்டாமல் போன வெள்ளிக்கிழமை காரியாபட்டிப் பக்கம் ஒரு நர்சரியில் பூத்த தொட்டி ஒன்று வாங்கி வந்து, உன் செடிதான், தொட்டிக்கு மாற்றினேன் என்று கட்டிலருகே வைத்தேன். அவள் பூவைத் தொடவில்லை. மண்ணை விரலால் கிளறினாள், எல்லாம் நர்சரிக்காரர்கள் போடும் தென்னைநார்த் தூள், நம் வீட்டு மண் இல்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எம் மக டிக்கெட்டு போட்டாச்சுன்னு சொன்னீகளே, அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

நீ மூன்று முறை தள்ளிப்போட்டதை நான் அவளிடம் சொல்லவே இல்லை தாயி. உன் வேலையும் லீவும் எனக்குப் புரியாமல் இல்லை, ஆனாலும் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

குலசாமி புண்ணியத்தில் நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. டிக்கெட் போட்டால் என்னிடம் சொல்லாதே, அவளுக்கே போன் போட்டுச் சொல். நான் சொன்னால் இனி நம்ப மாட்டாள்.

உன் அப்பா
கோட்டைச்சாமி