பாலாற்றுக்குப் பூசிய நீலம்

சத்துவாச்சாரி,
11.02.2007

அன்புள்ள அமிர்தவள்ளிக்கு,

நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்ற காலோடு வேலை செய்யும் உன்னைக் கர்த்தர் தாங்குவாராக. இங்கே நான் சுகம். ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழும்போது மட்டும் முழங்கால் வலி கொஞ்சம் ஜாஸ்தி. நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய தைலம் இன்னும் தீரவில்லை. தேய்க்கத்தான் சோம்பல்.

வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்ன இரண்டு விஷயங்களுக்காகத்தான் இந்தக் கடிதம். இந்தத் தடவை கான்ட்ராக்டைப் புதுப்பிக்கப் போவதில்லை, மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து ஆம்பூர்த் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்வேன் என்றாய். ஜெஸி சிஸ்டர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உலகத்தையே மேலிருந்து பார்க்கலாமாம், அதில் நம் தோப்பைத் தேடப் போகிறேன் என்றும் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு போனை வைத்துவிட்டேன். கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

நான் போன ஆகஸ்டில் அனுப்பிய தோப்புப் படம் செயற்கைக்கோள் எடுத்தது அல்ல. நான் செய்தது.

ஆம்பூரில் ரஃபி அகமது என்பவர் கல்யாணப் பத்திரிகை, தோல் கம்பெனி காலண்டர் எல்லாம் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறார். நிலத்தைப் பார்க்கப் போகும்போது அவருக்குப் பிழை திருத்திக் கொடுப்பேன். அங்கே சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் ஃபோட்டோஷாப் பழகினேன். பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்கு விண்வெளிப் படங்கள் செய்து தருவேன். கறுப்பு வானம், சூரியத் தகடுகளை இரண்டு கைபோல விரித்த செயற்கைக்கோள், கீழே வளைந்த பூமி. அதில் லேயர் என்று ஒன்று உண்டு. வகுப்பில் வரைபடத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து, ஆற்றை ஒரு தாளிலும் பயிரை இன்னொரு தாளிலும் வரையச் சொல்வேனே, அதே மாதிரிதான். எந்தத் தாளையும் எடுக்கலாம், வைக்கலாம். அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

ஒரு கண்காட்சிக்கு நம் நிலத்தையே செய்தேன். கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, ஆற்றுக்கு முதலில் மணல் நிறம்தான் கொடுத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. நீலம் பூசினேன். அதன் பிறகு கை நிற்கவில்லை. மேலிருந்து பார்த்தால் தென்னை நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒரு மரத்தை வரைந்து அதையே நாற்பது இடத்தில் பதித்தேன். டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்த ரஃபி, "இன்னா சார், எல்லா மரத்துலயும் ஒரே பக்கம் மட்டை கம்மியா இருக்குது? படைச்சவன் ஜெராக்ஸ் கடையா வெச்சிருக்கான்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சில மரங்களைத் திருப்பி வைத்தேன்.

உனக்கும் ஒரு பிரிண்ட் அனுப்பினேன். சார்ட் எழுதுகிற பழக்கத்தில் ஓரத்தில் 'செயற்கைக்கோள் பார்வையில் நம் நிலம்' என்று போட்டிருந்தேன். போன லீவில் பழுத்த மட்டைகளைப் பார்த்துவிட்டுப் போன நீ, போனில், "ஆத்துல தண்ணி வந்துடுச்சாங்க? மரமெல்லாம் பொழச்சிக்கிச்சே" என்றாய். நீ போன இந்தப் பதினோரு வருடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளின் தப்புகளைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான்.

நிலைமை இதுதான். கிணற்றில் மோட்டார் போட்டால் ஆறின டீ நிறத்தில் தண்ணீர் வருகிறது, மேலே நுரை. தோல் கம்பெனிக் கழிவு மண்ணுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பக்கத்து நிலத்துச் சாமிநாதனுக்கும் தெரியவில்லை. அவர் மாட்டை விற்றுவிட்டு ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாகப் போகிறார். நாற்பது மரத்தில் முப்பத்தாறு மொட்டையாக நிற்கின்றன. வாரம் ஒருமுறை போய் அவற்றைப் பார்க்கிறேன். பிறகு ரஃபி கடையில் உட்கார்ந்து யாருக்காவது பச்சையாக ஒரு பூமி செய்து கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கிறேன். மரம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பச்சை பூசித்தான் அலுத்துப் போய்விட்டது, அமிர்தம்.

தோப்பை நம்பித்தான் வேலையை விடுகிறாய் என்றால், மறுபடி யோசித்துக்கொள். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கிறேன் என்று நீ சொன்னாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். திட்டுவதானால் திட்டு. கடிதம் கிடைத்ததும் வரும் வெள்ளிக்கிழமை போன் பக்கத்திலேயே இருப்பேன்.

இதோடு வேறொரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். நேற்று லேயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். செயற்கைக்கோள் போயிற்று, தென்னைகள் போயின, கடைசியாக நீலத்தையும் எடுத்தேன். மிச்சம் இருப்பதுதான் நம் நிலம்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் கர்த்தர் உன் கையை விடாதிருப்பாராக. ஜெஸி சிஸ்டர் வீட்டில் தேடும்போது தோப்பைத் தேடாதே. சத்துவாச்சாரியில் நம் மொட்டைமாடியைத் தேடு. அவ்வளவு துல்லியமாகத் தெரியுமோ என்னவோ. தெரிந்தால், கொடியில் ஒரு வேட்டியும் ஒரு துண்டும் காயும். மீதிக் கொடி சும்மாதான் கிடக்கிறது.

என்றும் உன்,
சாமுவேல்